தொடை எலும்பின் மேல்பகுதி முறிந்தால்: வார்டு வராந்தாவில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எலும்பு முறிவு வார்டில் ரவுண்ட்ஸ் முடித்து வெளியே வந்தால், வராந்தாவில் காத்திருக்கும் சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்விகள் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன். இடுப்பு மூட்டிலிருந்து தொடையின் மேல்பாதி வரைக்குமான முறிவுகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு. உங்கள் வீட்டு நோயாளியின் எக்ஸ்ரேயைப் பார்க்காமல் எழுதியவை இவை. சிகிச்சை செய்யும் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால், ஏன் என்று அவரிடமே கேளுங்கள்.

“இடுப்பு உடைஞ்சிருக்குன்னு ஒரு டாக்டர் சொன்னார், தொடை எலும்புன்னு இன்னொருத்தர் சொல்றார். ரெண்டு இடத்துலயா உடைஞ்சிருக்கு?”

பெரும்பாலும் இருவரும் ஒரே முறிவைத்தான் சொல்கிறார்கள். தொடை எலும்பின் உச்சியில் ஒரு பந்து இருக்கிறது. அது இடுப்பெலும்பின் குழிக்குள் உட்கார்ந்திருக்கும். பந்துக்குக் கீழே ஒடுங்கிய கழுத்து. கழுத்து முடிகிற இடத்தில் வெளிப்பக்கம் ஒரு பெரிய முண்டு, உட்பக்கம் ஒரு சின்ன முண்டு. ஒருக்களித்துப் படுத்தால் படுக்கையில் அழுந்துகிறதே, அதுதான் பெரிய முண்டு. அதற்குக் கீழே நேரான தண்டு.

முறிவு கழுத்தில் என்றால் ஒரு வைத்தியம், இரண்டு முண்டுகளுக்கு நடுவே என்றால் வேறொன்று, சின்ன முண்டுக்குக் கீழே 5 செ.மீ.க்குள் என்றால் இன்னொன்று. இந்த மூன்றாவது வகைதான் எங்களை அதிகம் வேலை வாங்குகிறது. பக்கத்து பெட்காரருக்குச் செய்ததை எங்களுக்கு ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்குப் பாதிப் பதில், முறிந்த இடம் எது என்பதில் இருக்கிறது.

“கை உடைஞ்சா ஒன்றரை மாசத்துல சேர்ந்துடுது. இது மட்டும் ஏன் இவ்ளோ கஷ்டம்?”

முதல் காரணம் தசைகள். உடலிலேயே பலமான தசைகள் சில இந்த இடத்தில் வந்து ஒட்டுகின்றன. சின்ன முண்டுக்குக் கீழே முறிந்தால், மேல்துண்டை ஒரு தசை முன்பக்கமாகத் தூக்கும், இன்னொன்று வெளிப்பக்கம் விரிக்கும், சிறுதசைகள் சேர்ந்து வெளிப்பக்கமாகத் திருப்பிவிடும். கீழ்த்துண்டை உள்தொடைத் தசைகள் உள்ளேயும் மேலேயும் இழுக்கும். நோயாளி அசையாமல் படுத்திருந்தாலும் இந்த இழுபறி நிற்காது.

அடுத்தது சுமை. சாதாரணமாக நடக்கும்போதே இடுப்பு மூட்டில் உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசை விழுகிறது. அது சின்ன முண்டுக்குக் கீழே எலும்பின் உட்பக்கத்தை நசுக்கவும் வெளிப்பக்கத்தைப் பிளக்கவும் பார்க்கும். உட்பக்கம் நொறுங்கியிருந்தால் முழுச் சுமையும் நாங்கள் வைக்கும் கம்பிமேல் விழும். போதாததற்கு, அங்கே இருப்பது கெட்டி எலும்பு. முண்டுகளுக்கு நடுவே இருக்கிற நுண்துளை எலும்பில் ரத்தம் தாராளமாக ஓடும், சீக்கிரம் கூடும். கெட்டி எலும்பு மெதுவாகத்தான் கூடும்.

“ஆபரேஷன் இல்லாம மாவுக்கட்டு போட முடியாதா? புத்தூர் கட்டுல நிறைய பேருக்கு சரியாயிருக்கே?”

மணிக்கட்டையோ கணுக்காலையோ மாவுக்கட்டால் பிடித்து நிறுத்தலாம், ஏனென்றால் முறிவுக்கு மேலேயும் கீழேயும் கட்டு பிடிக்க இடம் இருக்கிறது. இடுப்புக்குப் பக்கத்தில் அப்படிப் பிடிக்க இடமில்லை. மேலே சொன்ன தசை இழுப்பை வெளியே சுற்றுகிற எந்தக் கட்டும் நிறுத்தாது, அது மூங்கில் தப்பையானாலும் சரி, பிளாஸ்டர் ஆனாலும் சரி. புத்தூர் கட்டில் சரியானவர்கள் எனக்கும் தெரியும். அவர்களில் பலருக்கு இருந்தது விலகாத விரிசல் அல்லது கை முறிவு. தொடையின் மேல்பகுதி முறிவோடு கட்டுப் போட்டுவிட்டு ரொம்ப நாள் கழித்து வருபவர்களுக்குக் கால் குட்டையாகி, பாதம் வெளியே திரும்பி இருக்கும். அப்போது அதைச் சரிசெய்வது இரண்டு மடங்கு பெரிய அறுவை.

காலில் எடை கட்டித் தொங்கவிடுவது இன்னொரு பழைய வழி. மாதக்கணக்கில் படுக்கை. இளைஞர்கள் தாங்கிக்கொள்வார்கள். வயதானவர்களுக்கு படுக்கைப்புண், நெஞ்சுச்சளி, காலில் ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். 1939இல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் எலும்பின் உள்குழலுக்குள் ஒரு கம்பியைச் செலுத்தி இதை மாற்றினார். போரில் பிடிபட்டு ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களின் எக்ஸ்ரேயில் தொடைக்குள் நீளக் கம்பியைப் பார்த்து அங்கிருந்த மருத்துவர்கள் திகைத்துப்போனார்கள். அவருடைய கம்பி நடுத்தண்டுக்குத்தான் பொருந்தியது. பந்துக்குள்ளும் ஒரு திருகு போகும்படியான இன்றைய ராடுகள் 1980களில்தான் பரவலாயின.

சின்னக் குழந்தைகள் மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்கு இடுப்பையும் காலையும் சேர்த்துப் போடும் மாவுக்கட்டே பல நேரம் போதும்.

“அட்மிட் பண்ணி ரெண்டு நாள் ஆச்சு. இன்னும் ஃபிட்னஸ் வரலைங்கிறாங்க. இவ்ளோ தாமதம் பரவாயில்லையா?”

ஃபிட்னஸ் என்பது, நோயாளி மயக்க மருந்தையும் அறுவையையும் தாங்குவார் என்று மருத்துவர் தரும் ஒப்புதல். வயதானவர்களுக்கு அட்மிட் ஆன அன்றோ மறுநாளோ அறுவை நடக்க வேண்டும் என்று பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு நெறி சொல்கிறது. எங்கும் பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு அதுதான். அதைவிட அவசரம் காட்டினால் உயிர் பிழைப்பது கூடுமா என்று 17 நாடுகளில் 2,970 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்தவர்களுக்கும் 24 மணி நேரம் ஆனவர்களுக்கும் இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் சீக்கிரம் செய்தவர்கள் சீக்கிரம் எழுந்து நின்றார்கள், மனக்குழப்பமும் சிறுநீர்த் தொற்றும் அவர்களுக்குக் குறைவு.

தாமதத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு: ரத்தம் மிகக் குறைவு, நிமோனியா, கட்டுக்கடங்காத இதயத் துடிப்பு, உப்புச் சத்து தாறுமாறாக இருப்பது. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவருக்கு அதன் வேகம் இறங்க வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மட்டும் சாப்பிட்டால் நாள்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் இப்போதைய நடைமுறை. எக்கோ எடுக்கிறவர் திங்கள்கிழமைதான் வருவார் என்பது நியாயமான காரணம் இல்லை. அப்படி ஒரு பதில் வந்தால், “எக்கோ பார்த்து எதை மாற்றப்போகிறீர்கள்?” என்று மரியாதையாகக் கேட்கலாம்.

“அப்பாவுக்கு ஏற்கனவே ஸ்டென்ட் வச்சிருக்கு. மயக்க மருந்து தாங்குவாரா சார்?”

முழு மயக்கமும் கொடுக்கலாம், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகவும் செய்யலாம். முதுகு ஊசிதான் பாதுகாப்பு என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. 1,600 பேரிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்த ஆய்வு 2021இல் வந்தது. 60 நாள் கழித்துப் பார்த்தபோது இறப்பிலும் நடப்பதிலும் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. எது உங்கள் அப்பாவுக்குச் சரி என்பதை மயக்க மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

நீங்கள் வற்புறுத்திக் கேட்க வேண்டியது வேறு ஒன்று: அறுவைக்குக் காத்திருக்கும் நேரத்தில் வலி குறைய இடுப்பு மடிப்பில் நரம்பை மரக்கச் செய்யும் ஊசி கிடைக்குமா என்று. எக்ஸ்ரே மேஜைக்கு மாற்றும்போது அலறுகிற வலி இதில் அடங்கிவிடும்.

“பிளேட் நல்லதா, ராடு நல்லதா?”

இரண்டு முண்டுகளுக்கு நடுவே, அதிகம் நொறுங்காத முறிவு என்றால் இரண்டுமே நல்லது. பிளேட் முறையில் பந்துக்குள் ஒரு தடித்த திருகு போகும், அதை வெளிப்பக்கப் பிளேட்டின் குழல் தாங்கும். எடை ஏறும்போது திருகு குழலுக்குள் சறுக்கி, துண்டுகளை ஒன்றோடொன்று அழுத்தும். விலை குறைவு, பல பத்தாண்டு அனுபவம் உள்ள முறை. இதை வார்டில் டிஹெச்எஸ் என்பார்கள்.

சின்ன முண்டுக்குக் கீழே முறிந்தால் ராடுதான். எலும்பின் உள்ளே, உடல் எடை இறங்கும் கோட்டுக்கு அருகில் இருப்பதால் அது வளைவதற்கான விசை குறைகிறது. இதில் ஏமாற்றுகிற ஒரு வகை உண்டு. எக்ஸ்ரேயில் முண்டுகளுக்கு நடுவே முறிந்தது போலத்தான் தெரியும், ஆனால் முறிவுக்கோடு வழக்கத்துக்கு எதிர்த்திசையில், உள்பக்கம் மேலிருந்து வெளிப்பக்கம் கீழாக ஓடும். அங்கே டிஹெச்எஸ் போட்டால் சறுக்கல் துண்டுகளைச் சேர்க்காது, விலக்கும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2001இல் வெளியிட்ட கணக்கில், இந்த வகைக்குச் சறுக்குத் திருகு போட்டவர்களில் பாதிக்கு மேல் தோல்வி. பெரிய முண்டுக்குக் கீழே வெளிப்பக்கச் சுவர் மெலிந்தோ உடைந்தோ இருந்தாலும் இதே சிக்கல்தான்.

“எங்க பாட்டிக்குப் பந்தையே மாத்தணும்ங்கிறாங்க. எதிர் பெட்டுல இருக்கிற பையனுக்கு மூணு ஸ்க்ரூதான் போட்டாங்க. ஏன்?”

இருவருக்கும் கழுத்தில் முறிவு. பந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் கழுத்தை ஒட்டியே மேலேறுகின்றன. கழுத்து முறிந்து விலகினால் அவையும் கிழிந்துபோகலாம். ரத்தம் போகாத பந்து மெல்ல மடிந்து நொறுங்கும். பையனுக்குச் சொந்தப் பந்தைக் காப்பாற்றுவதற்காக அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டு ஸ்க்ரூ போடுகிறோம். வெற்றி உறுதியில்லை, ஒன்றிரண்டு வருடம் எக்ஸ்ரே எடுத்துக் கவனிக்க வேண்டும். பாட்டிக்கு இரண்டாவது அறுவை தாங்காது. அதனால் முதலிலேயே செயற்கைப் பந்து. அவர் மறுநாளே காலூன்றலாம்.

பாட்டி கடைக்குப் போய்வந்து நன்றாக நடமாடியவர் என்றால் குழியையும் சேர்த்து மாற்றுவது பற்றிப் பேசலாம். எலும்பு மெலிந்தவர்களுக்கு சிமெண்ட் வைத்துப் பொருத்தினால், பின்னால் தண்டைச் சுற்றி மறுபடி முறியும் வாய்ப்பு குறைகிறது. சிமெண்ட் உள்ளே போகும் சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் சரியலாம் என்பதால் மயக்க மருத்துவர் அப்போது கூடுதல் கவனமாக இருப்பார்.

“இம்போர்ட்டட் டைட்டானியம் ராடு வாங்கட்டுமா? செலவு பார்க்கல டாக்டர்.”

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான். எல்லாரும் ராடைப் பற்றியே கேட்கிறார்கள். ராடு செருகும் முன் எலும்பை நேராக்கினார்களா என்று யாரும் கேட்பதில்லை. இந்த முறிவில் விதி அங்கேதான் எழுதப்படுகிறது. மேல்துண்டு உள்பக்கம் சாய்ந்த நிலையிலேயே ராடு போனால், உலகத்திலேயே விலை உயர்ந்த ராடும் அந்தச் சாய்வை அப்படியே பூட்டி வைக்கும். “ராடு போகப் போக எலும்பு தானே நேராகிவிடும்” என்பது நடுத்தண்டில் ஓரளவு உண்மை. மேலே குழல் அகலம், அங்கே ராடு எலும்பை நேராக்காது.

இரண்டாவது, பந்துக்குள் போகும் திருகின் நுனி எங்கே முடிகிறது என்பது. முன்னிருந்தும் பக்கவாட்டிலும் எடுத்த இரண்டு எக்ஸ்ரேயிலும் திருகு நுனிக்கும் பந்தின் உச்சிக்கும் உள்ள தூரத்தைக் கூட்டுவோம். அது 25 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும். 1995இல் பாம்கார்ட்னர் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு இந்த அளவைக் காட்டியது. அதற்குள் இருந்தவர்களில் ஒருவருக்குக்கூடத் திருகு பந்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரவில்லை.

சரி, உலோகம்? டைட்டானியமும் தரமான ஸ்டீலும் இரண்டுமே வேலை செய்கின்றன. தரச்சான்று உள்ள இந்திய ராடு, நேராக்கிய எலும்புக்குள், சரியான இடத்தில் திருகு. எனக்குச் செய்வதானால் இதைத்தான் கேட்பேன். மிச்சப் பணத்தை வீட்டில் பிசியோதெரபிக்கு வையுங்கள்.

“சின்ன ஓட்டை போட்டுப் பண்ணிடலாம்னு சொன்னாங்க. இப்ப பார்த்தா பெரிய தையல் இருக்கு, உள்ள கம்பி வேற சுத்தியிருக்கு.”

அது கோளாறு இல்லை. பெரும்பாலும் நல்ல முடிவு. நோயாளியை இழுவை மேஜையில் படுக்க வைத்து, காலை இழுத்து, சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்தபடி முதலில் வெளியிலிருந்தே நேராக்க முயல்வோம். முன்பக்கம் தூக்கி நிற்கிற மேல்துண்டு, காலை எவ்வளவு இழுத்தாலும் சில நேரம் இறங்காது. அப்போது தோலைத் திறந்து, எலும்பைக் கிடுக்கியால் பிடித்து, தேவைப்பட்டால் ஒன்றிரண்டு மெல்லிய கம்பிகளால் சுற்றிக் கட்டி, அப்புறம்தான் ராடு. சின்னத் தையலுக்காகக் கோணலை ஏற்றுக்கொள்வதைவிட இது மேல். கம்பியை நெருக்கமாகப் பல இடத்தில் சுற்றினால் எலும்பின் மேலுறை ரத்த ஓட்டம் கெடும், அதனால் கைக்கட்டுப்பாடு வேண்டும்.

“நீள ராடா, குட்டை ராடா?”

சின்ன முண்டுக்குக் கீழே முறிந்தால் நீளம், முழங்காலுக்குச் சற்று மேல் வரை. அதற்கு மேலே என்றால் குட்டை போதும். நம் ஊரில் குள்ளமான வயதான பெண்களின் தொடை எலும்பு முன்பக்கம் வில்லாக வளைந்திருக்கும். நேரான நீள ராடு அங்கே நுனியில் முன்சுவரை முட்டித் துளைக்கலாம். அறுவைக்கு முன் முழுத் தொடைக்கும் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுப்பது இதற்காகத்தான்.

“எப்போ நடக்க விடுவீங்க?”

வயதானவர்களை மறுநாளே. வாக்கர் பிடித்து, வலி பொறுக்கும் அளவுக்குக் காலூன்றச் சொல்வோம். “பாதி எடை மட்டும் வையுங்க பாட்டி” என்பதை எழுபது வயதுக்கு மேல் யாராலும் கடைப்பிடிக்க முடியாது. அப்படிச் சொன்னால் பயந்து படுத்தே கிடப்பார்கள். படுக்கைதான் ஆளைக் கொல்லும். வளர்ந்த நாடுகளின் கணக்கிலேயே, இடுப்பு முறிந்த முதியவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். அதில் பெரும்பங்கு எலும்பால் வருவதில்லை, மற்ற நோய்களாலும் படுக்கையில் கிடப்பதாலும் வருவது.

உட்பக்கம் நொறுங்கிய முறிவோடு வரும் இளைஞருக்கு வேறு கணக்கு. அவர் பலமாக மிதிப்பார், சுமை முழுக்கக் கம்பிமேல் விழும். ஆறு வாரம் வரை லேசாகத் தொட்டு நடக்கச் சொல்வோம், எக்ஸ்ரேயில் புது எலும்பு தெரியத் தெரியக் கூட்டுவோம். முழுதாகக் கூட மூன்று முதல் ஆறு மாதம். ரத்தக்கட்டு வராமல் இருக்க வயிற்றுத் தோலில் போடும் ஊசியோ மாத்திரையோ ஏறத்தாழ ஒரு மாதம் தொடரும், வீட்டுக்குப் போனதும் நிறுத்திவிடாதீர்கள்.

“சம்மணம் போடலாமா? இந்தியன் டாய்லெட் போகலாமா?”

ராடோ பிளேட்டோ போட்டு, எலும்பு கூடிய பிறகு, மடக்க முடிந்தால் தாராளமாக. செயற்கைப் பந்து வைத்தவர்கள் குத்தவைப்பதையும் தரையில் உட்காருவதையும் தவிர்ப்பது நல்லது, முதல் மூன்று மாதம் கண்டிப்பாக. நோயாளி வீடு வரும் முன்பே உயரமான கழிப்பறை நாற்காலியும் சுவரில் ஒரு கைப்பிடியும் வைத்துவிடுங்கள்.

“கால் ஒரு விரற்கடை குட்டையா இருக்கு. பாதமும் லேசா வெளியே திரும்பியிருக்கு.”

1 செ.மீ. வரை குட்டையானால் பெரும்பாலோர் உணரக்கூட மாட்டார்கள். அதற்கு மேல் என்றால் செருப்பை உயர்த்தலாம். பாதம் திரும்புவதற்குச் செருப்பில் வைத்தியம் இல்லை. 15 பாகைக்கு மேல் திரும்பியிருந்தால் நடையில் தெரியும், மாடிப்படியில் முழங்கால் வலிக்கும். இளைஞர் என்றால் இரண்டு தொடைக்கும் சிடி எடுத்து ஒப்பிட்டு, எலும்பு கூடுவதற்கு முன்பே திருப்பிப் பூட்டிவிடலாம். முதல் வாரத்திலேயே இரண்டு பாதங்களையும் சேர்த்துவைத்துப் பாருங்கள், சந்தேகம் வந்தால் அப்போதே கேளுங்கள்.

“அம்மா ராத்திரியெல்லாம் உளர்றாங்க. செத்துப்போன மாமா வந்திருக்கார்ங்கிறாங்க. மூளைக்கு ஏதாவது ஆயிடுச்சா?”

பெரும்பாலும் இல்லை. வலி, தூக்கமின்மை, உப்புக் குறைவு, சிறுநீர்த் தொற்று, சில மருந்துகள் எல்லாம் சேர்ந்து முதியவர்களுக்கு இப்படி ஒரு தற்காலிகக் குழப்பத்தை உண்டாக்கும். முதலில் நர்ஸிடம் சொல்லுங்கள், காரணம் தேடிச் சரிசெய்ய வேண்டும். கண்ணாடியும் காதுக்கருவியும் மாட்டிவிடுங்கள், பகலில் ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள், தெரிந்த முகம் ஒன்று கூடவே இருக்கட்டும். கையைக் கட்டிவைக்க விடாதீர்கள்.

“ஆட்டுக்கால் சூப், பிரண்டை கொடுத்தா சீக்கிரம் சேருமா?”

பிடித்தால் கொடுங்கள். பிரண்டைத் துவையலோடு சோறு கூடுதலாக ஒரு கவளம் இறங்கினால் அதுவே லாபம். ஆனால் எலும்புக்கு வேண்டிய புரதம் சூப்புத் தண்ணீரில் அதிகம் இல்லை. முட்டை, பருப்பு, மீன், பால், கறி கொடுங்கள். வைட்டமின் டி பார்த்துக் குறைந்தால் ஈடுகட்டுங்கள். பீடி, சிகரெட்டை நிறுத்துங்கள், எலும்பு கூடுவதைத் தாமதிப்பதில் அதற்கு ஈடு இல்லை.

நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே தொடை முறிகிறது என்றால் எலும்பு ஏற்கனவே மெலிந்திருக்கிறது. இதற்கு மருந்து எழுதாமல் டிஸ்சார்ஜ் செய்வது இன்றும் சாதாரணமாக நடக்கிறது. 2007இல் வந்த ஆய்வில், இடுப்பு முறிவுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை சோலெட்ரானிக் அமில ஊசி போட்டவர்களுக்குப் புது முறிவுகளும் குறைந்தன, இறப்பும் குறைந்தது. டிஸ்சார்ஜ் தாளில் இந்தப் பேச்சே இல்லாவிட்டால் நீங்களே தொடங்குங்கள்.

“அத்தை அந்த எலும்பு மாத்திரையைத்தான் ஏழெட்டு வருஷமா சாப்பிட்டாங்க. சும்மா நடந்துட்டிருந்தப்ப தொடை உடைஞ்சிடுச்சே?”

அப்படியும் நடக்கும், அரிதாக. அலெண்ட்ரோனேட் போன்ற மருந்துகளை வருடக்கணக்கில் எடுத்தால், எலும்பு தன் சின்ன விரிசல்களைப் பழுதுபார்ப்பது மந்தமாகிவிடும். தொடையின் வெளிச்சுவரில் ஒரு விரிசல் மெல்ல வளர்ந்து, ஒருநாள் குறுக்காக நேர்கோட்டில் உடையும். ஆசியப் பெண்களுக்கு இது சற்று அதிகம். அதற்காக எல்லாரும் மருந்தை நிறுத்துவது தவறு. மருந்து தடுக்கிற முறிவுகள் இதைவிடப் பல மடங்கு. இந்த மருந்தை எடுப்பவருக்குக் காரணமில்லாமல் தொடையோ இடுப்பு மடிப்போ வலித்தால் எக்ஸ்ரே எடுங்கள். உடைந்தவர்களில் பெரும்பாலோருக்கு முன்கூட்டியே அந்த வலி இருந்திருக்கிறது.

உடைந்தால் நீள ராடு போட்டு, மருந்தை நிறுத்துவோம். கூடுவதற்கு வழக்கத்தைவிட நாளாகும். இன்னொரு காலையும் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு அங்கேயும் இதே விரிசல் இருக்கும். வலியும் விரிசலும் சேர்ந்து இருந்தால் உடையும் முன்பே ராடு போடுவதுண்டு.

“தம்பிக்கு பைக் ஆக்சிடென்ட். தொடை நடுவுல உடைஞ்சது, ராடு போட்டாச்சு. இப்போ கழுத்துலயும் உடைஞ்சிருக்குங்கிறாங்க. ஆபரேஷன்ல உடைச்சுட்டாங்களா?”

உடைந்திருக்கலாம், ஆனால் விபத்திலேயே உடைந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். முழங்கால் எதிலோ மோதும்போது விசை தொடை வழியாக மேலேறி, நடுத்தண்டையும் கழுத்தையும் ஒரே நேரத்தில் முறிக்கும். கழுத்து முறிவு விலகாமல், செங்குத்தாக, முடி இழை அளவில் இருக்கும். கண் முன்னால் நடுத்தொடை கோணலாகக் கிடக்கும்போது அது எல்லார் பார்வைக்கும் தப்பும். அதனால் வேகமான விபத்தில் தொடைத்தண்டு முறிந்தவருக்கு, கழுத்துப் பகுதியில் நுண்ணிய சிடி, அறுவை முடிந்ததும் மேஜையிலேயே இன்னொரு எக்ஸ்ரே, இரண்டும் பார்ப்பது நல்ல பழக்கம். இரண்டும் முறிந்திருந்தால் முன்னுரிமை கழுத்துக்கு. காரணம், பந்தின் ரத்த ஓட்டம் பற்றி மேலே சொன்னதுதான்.

“காப்பீட்டுல வருமா?”

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. பட்டியலில் உள்ள மருத்துவமனையா என்று சேரும்போதே கேளுங்கள். சாலை விபத்து என்றால் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அட்டையே தேவையில்லை.

“சேர்ந்ததுக்கு அப்புறம் ராடை எடுக்கணுமா? எம்ஆர்ஐ எடுத்தா இழுத்துடுமா?”

முதியவர்களுக்கு எடுக்க வேண்டாம். இளைஞர்களுக்கு ராடு உறுத்தினால், எலும்பு முழுதாகக் கூடி ஒன்றரை இரண்டு வருடம் ஆன பிறகு எடுக்கலாம். எடுத்த பிறகு திருகு இருந்த ஓட்டை நிரம்பும் வரை சில மாதம் விளையாட்டு கூடாது. எம்ஆர்ஐ இழுத்துவிடாது, உள்ளே உலோகம் இருப்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

“பாட்டிக்கு 93. ரெண்டு வருஷமா படுத்த படுக்கை. புரட்டும்போது உடைஞ்சிருக்கு. ஆபரேஷன் வேணாம்னு சொன்னா பாவமா?”

பாவம் இல்லை. எழுந்து நடமாடிக்கொண்டிருந்தவருக்கு வயது 93 என்பதற்காக அறுவையை மறுப்பது தவறு. ஆனால் முன்பே நடக்காத, ஆளைத் தெரியாத, உணவு இறங்காத ஒருவருக்குக் கணக்கு வேறு. நெதர்லாந்தில் முதியோர் இல்லங்களில் இருந்த மிகவும் தளர்ந்தவர்களைப் பற்றி 2022இல் வந்த ஆய்வில், அறுவை வேண்டாம் என்று குடும்பத்தோடு பேசி முடிவெடுத்தவர்களில் பெரும்பாலோர் ஒரு மாதத்துக்குள் இறந்துவிட்டார்கள். ஆனால் வலியை அடக்கிக் கவனித்ததில், அவர்கள் வாழ்ந்த நாட்களின் தரம் அறுவை செய்தவர்களுக்குக் குறையவில்லை.

அறுவை வேண்டாம் என்றால் ‘ஒன்றும் செய்யாமல் விடுவது’ என்று ஆகிவிடக் கூடாது. மார்ஃபின், நரம்பு ஊசி, காற்றுப் படுக்கை, வீட்டுக்கு வரும் நர்ஸ் என எல்லாம் ஏற்பாடு செய்த பிறகே கூட்டிப்போங்கள். புரட்டும் வலியை எதனாலும் அடக்க முடியாவிட்டால், நடப்பதற்காக இல்லாமல் வலிக்காகவே ராடு போடுவதும் உண்டு.

“எட்டு மாசம் ஆச்சு, சேரல. போன வாரம் ராடே உடைஞ்சுடுச்சு. டூப்ளிகேட் ராடா?”

போலி ராடு அபூர்வம். கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒடியும் இல்லையா, ராடும் அப்படித்தான் ஒடிகிறது, வழக்கமாகப் பந்துக்குப் போகும் திருகு நுழைகிற ஓட்டையில். எலும்பு கூடிச் சுமையைத் தன்மேல் வாங்காத வரை, ஒவ்வொரு அடியும் ராடை ஒரு முறை வளைக்கிறது. எனவே கேட்க வேண்டியது எலும்பு ஏன் கூடவில்லை என்று. முதல் அறுவை முடிந்ததும் எடுத்த எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு வாருங்கள். பெரும்பாலும் பதில் அதிலேயே இருக்கும்: மேல்துண்டு உள்பக்கம் சாய்ந்திருக்கும், அல்லது இடைவெளி விட்டிருக்கும்.

எக்ஸ்ரே நன்றாக இருந்தும் கூடவில்லை என்றால் முதலில் கிருமியைத் தேடுவோம். ரத்தப் பரிசோதனை, பிறகு அறுவையின்போது உள்ளிருந்து பல இடத்துத் திசு எடுத்துக் கல்ச்சர், அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை. கல்ச்சருக்கு முன் ஆன்டிபயாடிக் கொடுத்தால் கிருமி ஒளிந்துகொள்ளும், அதனால் வெளியே எங்கேயும் வாங்கிப் போடாதீர்கள். கிருமி இல்லையென்றால் உடைந்த ராடை எடுத்து, சாய்வை நிமிர்த்தி, தடித்த ராடு, சில நேரம் கூடவே ஒரு பிளேட். அல்லது ராடே இல்லாமல் 95 பாகைக் கோணப் பிளேட். இடுப்பெலும்பிலிருந்து எலும்புத் துகள் எடுத்து வைப்போம். பந்தோ மூட்டோ கெட்டுப்போயிருந்தால், வயதானவருக்கு நேராக மூட்டு மாற்று. இது முதல் அறுவையைவிட நீளமானது, ரத்தமும் கூடுதலாகத் தேவைப்படும், இந்த வேலையை அடிக்கடி செய்கிற இடத்துக்குப் போவது நல்லது. பழைய அறுவைக் குறிப்பையும் ராடின் ஸ்டிக்கரையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். எந்த கம்பெனி, எந்த அளவு என்று தெரிந்தால்தான் அதைக் கழற்றும் கருவியை வரவழைக்க முடியும்.